கதவைப் பார்த்துப் பேசிய இங்கிலீஷ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் சிரித்த முகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனா மூடியைத் திறந்தேன். முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில எழுத்து வீங்கிப்போய் இருக்கிறது, சில எழுத்து பட்டினி கிடந்த மாதிரி ஒடுங்கிக் கிடக்கிறது, 'ழ' எழுதின இடத்தையெல்லாம் பார்த்தால் யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். அடித்துத் திருத்திய இடத்தில் தாள் கிழியாமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம். இரண்டு வரி எழுதினால் விரல் வலிக்கிறது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். ஆனால் பாப்பா, இது யாரையும் உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல எழுதியது இல்லை. ஒவ்வொரு எழுத்தும் உன் அப்பன் கையால் போட்டது. வாசலில் வைத்துப் படிக்காதே, உள்ளே போய் உட்கார்ந்து படி. விஷயம் கொஞ்சம் நீளம்.

நான் சாயங்காலம் நூலகத்து மாடியில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். நல்லா படிங்கப்பா, ஃபெயிலாகி என் மானத்தை வாங்கிடாதீங்க என்று நீயும் சிரித்தாய். உனக்குத் தெரியாதது, போன முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன். டீச்சரம்மா பலகையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எழுதி, அது எப்படி ஒலிக்கிறதோ அதைக் கீழே நம்ம எழுத்தில் எழுதிக்கோங்க என்றார். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். நான் பேனாவைப் பார்த்தேன், பேனா என்னைப் பார்த்தது. டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாக, கண்ணாடி கொண்டுவர மறந்துட்டீங்களா ஐயா என்று கேட்டார். நானும் ஆமாம் மேடம் என்று சொல்லித் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் பக்கத்தில் இருந்த தையல்காரம்மா விடுவாளா? அவருக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர், எழுத்துதான் வரல, எனக்கும் போன வருஷம் வரைக்கும் வரல, இதுல என்ன வெட்கம் என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை பாப்பா. மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே என்னை வரச் சொல்லி டீச்சர் தமிழ் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். உன் அம்மாவும் கல்யாணமான புதிதில் எவ்வளவோ பாடுபட்டாள், நான் சிலேட்டில் 'அ' போடுவதற்குள் 'ஆ' என்று கொட்டாவி வந்துவிடும், வேலை அலுப்பு அப்படி. போங்க, உங்களுக்குத் தூக்கம்தான் எழுதியிருக்கு என்று சிலேட்டைப் பிடுங்கிக்கொள்வாள். இப்போது அவள் இருந்து பார்த்தால் முதலில் நம்ப மாட்டாள், நம்பின பிறகு குற்றம் கண்டுபிடிப்பாள்.

அந்த லிஃப்ட் வேலையைப் பற்றி இப்போது அடிக்கடி நினைப்பு வருகிறது. வகுப்பில் உட்கார்ந்தாலே அந்தக் கட்டடத்து எண்ணெய் வாசனையும் தரை துடைத்த மருந்து வாசனையும் மூக்குக்கு வந்துவிடுகிறது. உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. நான் சேர்ந்தபோது இரும்புக் கம்பிக் கதவு, கையால் இழுத்து மூட வேண்டும், பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு முக்காலி, தலைக்கு மேலே குருவி அளவுக்கு ஒரு மின்விசிறி. கட்டட மேனேஜர் முதல் நாள் சொன்ன சட்டம் இன்னும் காதில் இருக்கிறது. கதவைப் பார்த்து உட்காரு, ஏறுறவங்க முகத்தைத் திரும்பிப் பார்க்காதே, நீயா எதுவும் பேசாதே, அவங்க எது சொன்னாலும் யெஸ் சார், அவ்வளவுதான் உன் வேலை என்றார். அதையே பிடித்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக ஓட்டிவிட்டேன். முகம் தெரியாது, குரல் தெரியும். செருப்புச் சத்தம் தெரியும். ஒன்பதாவது மாடிப் பெரியவர் கோபமாக இருந்தால் மூச்சு விடுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். வெளியூர்க் கம்பெனிகள் நிறைந்த கட்டடம், ஏறுகிறவர்கள் எல்லோரும் இங்கிலீஷில்தான் பேசுவார்கள், ஒருவருக்கொருவர் வேறு பாஷை கிடையாது. என் முதுகுக்குப் பின்னால் நாளெல்லாம் இங்கிலீஷ் கொட்டிக்கொண்டே இருந்தது. அப்படித்தான் நான் இங்கிலீஷ் கற்றேன், முதுகால் கற்றேன் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் ஒன்று, முழு வாக்கியம் கிடைப்பது அபூர்வம். ஒருவர் ஆரம்பிப்பார், பாதியில் மாடி வந்துவிடும், கதவைத் திறப்பேன், மீதி வாக்கியம் அவரோடு நடந்து போய்விடும்.

அந்தப் பாதி வாக்கியங்களை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது உனக்கு ஞாபகம் இருக்குமே. மறந்துவிடக் கூடாது என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவேன், பக்கத்து சீட்டுக்காரர்கள் மனுஷன் சாமி கும்பிடுகிறார் என்று மரியாதையாக நகர்ந்து உட்காருவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைச் சொல்லிவிடுவேன். அம்மா மருந்துக் கம்பெனியில் டப்பா அடுக்குகிற வேலையில் இருந்தாள், எட்டாவது வரை படித்தவள், அவளுடைய இங்கிலீஷ் முழுக்க டப்பாவில் அச்சடித்தது. படிக்கத் தெரியும், யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தெரியும், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அவளுக்குக் கண்ணில் இருந்த இங்கிலீஷையும் எனக்குக் காதில் இருந்த இங்கிலீஷையும் சேர்த்தால்தான் ஒரு ஆள் இங்கிலீஷ் வரும். அந்த ஒரு ஆள் நீ. நான் வாக்கியத்தைச் சொல்ல, அவள் அதைப் பிரித்து இன்ன அர்த்தம் என்று சொல்ல, அப்புறம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே அதற்கு முடிவு கட்டுவோம். ஒரு முறை ஒரு இளைஞன் தன் சிநேகிதனிடம், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் உண்மை என்னவென்றால், என்று ஆரம்பித்தான், ஏழாவது மாடி வந்துவிட்டது. அவனுக்கு வேலை போயிருக்கும், பாவம், சொல்லப் பயப்படுறான் என்றேன் நான். சும்மா இருங்க, அவன் யாரையோ கல்யாணம் பண்ணிக்கிட்டான், அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிக்கிறான் என்றாள் உன் அம்மா. நீ வாயில் சோற்றோடு, இல்ல, அவன் ஒரு நாய்க்குட்டி வளக்குறான், அவங்க அம்மாவுக்கு நாய்னா பயம் என்றாய். நீ எந்த வாக்கியத்துக்கும் ஒரு மிருகத்தைக் கொண்டுவராமல் முடித்ததே இல்லை. அடுத்த வாரம் அந்தப் பையன் குரல் கேட்டது, கூடவே ஒரு வயதான அம்மாவின் குரல், நம் பாஷையில், இவ்வளவு உயரத்திலயா வேலை பார்க்கிற, காத்து அடிச்சா என்ன பண்ணுவ என்று. உண்மை என்னவென்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அம்மா வந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னதும் நீ பாயில் எழுந்து நின்று கை தட்டினாய். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுக்குப் போய் அழுவாங்களா என்று என்னைத் திட்டினாள், அழுதது அவள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வெளியே போயிருந்தபோது மாப்பிள்ளை தானே எனக்குப் போன் செய்தார். எனக்கு ஒரே பெருமை. வணக்கம் மாமா, சாப்பிட்டீங்களா என்று அவருக்குத் தெரிந்த நம் பாஷை முழுவதையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு இங்கிலீஷுக்குப் போனார். நீங்கள் தனியாக இருப்பது எங்களுக்குக் கவலையாக இருக்கிறது, இங்கேயே வந்துவிடுங்கள், ஒரேயடியாக வந்துவிடுங்கள், வீட்டைக் காலி செய்துவிடலாம், உங்களுக்கு அறை தயாராகிறது, டிக்கெட் எடுக்கட்டுமா என்று அழகாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எனக்குப் புரியாமல் இல்லை பாப்பா. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் என் வாய் தானாக யெஸ் சார், சர்ட்டன்லி சார் என்று சொல்லிக்கொண்டே போனது. நான் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. லிஃப்டில் இருப்பவனிடம் யாரும் போக விருப்பமா என்று கேட்பதில்லை, எட்டு என்றால் எட்டு, பத்து என்றால் பத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மறுப்பு என்கிற சாமானே கிடையாது. போனை வைத்த பிறகுதான், ஐயோ, வீட்டையே அல்லவா கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது.

சரி, சாயங்காலம் நீ கூப்பிடுவாய், நம் பாஷையில் சொல்லிவிடலாம் என்று தைரியமாக இருந்தேன். நீ கூப்பிட்டாய். அப்பா, நிஜமாவே ஒத்துக்கிட்டீங்களா, அவர் சொன்னதும் நான் நம்பவே இல்லப்பா என்று அழுதாய், சிரித்தாய், ஜன்னல் ஓரமாகக் கட்டில் போடுவேன் என்றாய், மஞ்சள் கலர் அடிக்கட்டுமா வெள்ளை அடிக்கட்டுமா என்று கேட்டாய். நான் மஞ்சள் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வேன், சொல். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே உன்னிடம் எனக்கு மறுத்துப் பேச வராது, அந்த வேலையெல்லாம் உன் அம்மா பார்த்துக்கொண்டாள். அப்புறம் நீ நாம் வாடகை கொடுக்கிற வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டாய். போன வாரம் அவர் ஒரு இளம் ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல பிள்ளைகள்தான். அந்தப் பெண் டேப்பை வைத்துச் சமையலறைச் சுவரை அளந்தாள், உன் அம்மா உட்கார்ந்து காய் நறுக்கிய மூலையில் ஃப்ரிட்ஜ் வைத்தால் சரியாக இருக்கும் என்றாள். பையன் ஜன்னல் கதவை ஆட்டிப் பார்த்தான். ஏன் ஐயா, எப்ப காலி பண்றீங்க, எங்களால உங்களுக்கு அவசரம் வேண்டாம் என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார்கள். அவர்களுக்கும் நான் தலையை ஆட்டினேன். அவர்கள் போன பிறகு அந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் வர மனசில்லை என்று நீ கேட்பாய். உன்மேல் பிரியம் இல்லாமலா? அப்படி மட்டும் நினைத்துவிடாதே, இந்தக் கடிதத்தில் மற்ற எல்லா வரியும் அழிந்துபோனாலும் இந்த ஒரு வரி மட்டும் நிற்கட்டும். காரணம் உனக்கு வேடிக்கையாக இருக்கும். நான் இந்த ஊருக்கே இப்போதுதான் வந்திருக்கிறேன் பாப்பா. ஆயுசு முழுக்க இங்கே நடந்திருக்கிறேன், ஆனால் ஊமைப் படம் பார்த்த மாதிரி. இப்போது தெருமுனையில் நின்றால் பலகையெல்லாம் என்னிடம் பேசுகிறது. நாம் குடியிருக்கிற தெருவின் பெயரை நான் சொல்லியிருக்கிறேனே தவிர எழுதிப் பார்த்ததில்லை, போன மாதம் அந்த நீலப் பலகைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன், பின்னால் வந்த சைக்கிள்காரன் பெரியவரே வழி விடுங்க, பலகை எங்கேயும் ஓடிப்போகாது என்றான். எதிர்க்கடையின் பெயர் உன் அம்மா பெயர்தான் என்பது உனக்குத் தெரியுமா? இத்தனை வருஷம் அங்கேதான் சோப்பு வாங்கினேன், ஒருவரும் சொல்லவில்லை. அன்றைக்குத் தேவையே இல்லாமல் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ் வந்தால் இது எங்கே போகுது தம்பி என்று யாரையும் கேட்பதில்லை, வேண்டாத பஸ்ஸைக்கூடப் படித்துவிட்டுத்தான் விடுகிறேன். அந்தக் கட்டடத்துக்கும் போய்வந்தேன். லிஃப்டில் இப்போது ஆள் கிடையாது, தானாகத் திறக்கிறது, தானாகப் பேசுகிறது. சுவரில் ஒவ்வொரு மாடிக்கும் எதிரே கம்பெனிப் பெயர் எழுதியிருந்தது, இங்கிலீஷில். ஒன்பதாவது மாடி என்ன கம்பெனி என்று அன்றைக்குத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். காவலாளி யாரைப் பார்க்கணும் என்றார். படிக்க வந்தேன் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதிதாகக் குடிவந்தவன் சாமானைப் பிரித்து அடுக்குவதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பு என்றால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது எனக்கு.

இதை வகுப்பில் சொன்னேன். முதலில் மாப்பிள்ளையிடம் மறுத்துப் பேசக் கற்றுக்கொடுங்கள், மற்ற பாடம் அப்புறம் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் பகல் முழுக்கப் போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலையில் இருப்பவர், மரியாதையாக மறுப்பதில் கைதேர்ந்தவர். தையல்காரம்மாவை மாப்பிள்ளையாக எதிரே உட்காரவைத்தார்கள். அவள் தாடையைத் தூக்கிக்கொண்டு, வில் யூ கம் டு மை ஹவுஸ் என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், வந்தது யெஸ் சார்தான். இன்னொரு தரம் யெஸ்ஸுன்னு சொன்னீங்க, ஊசியால குத்திடுவேன், மாப்பிள்ளைன்னும் பார்க்க மாட்டேன், மாமனார்னும் பார்க்க மாட்டேன் என்றாள். டாக்ஸி ஓட்டுகிற மீசைக்காரர் சோதித்துப் பார்க்கிறேன் என்று என் குடையைக் கேட்டார், யெஸ் சார் என்று கொடுத்துவிட்டேன், அன்றைக்கு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒரு நாள் வெறுத்துப்போய் எழுந்து, கதவுப் பக்கமாகத் திரும்பி நின்றேன். அப்போது தையல்காரம்மா பின்னாலிருந்து அதே கேள்வியைக் கேட்டாள். மடை திறந்த மாதிரி வந்தது பாப்பா. நோ, தேங்க் யூ, ஐ லைக் மை ஹவுஸ் என்று தொடங்கி நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறார்கள். நாற்பது வருஷம் முகத்தைப் பார்க்காமல் பேசிய இங்கிலீஷுக்கு முகத்தைக் கண்டால் பயம் போல. வீட்டுப் பாடமாகத் தினம் ஒருவரிடமாவது இங்கிலீஷில் நோ சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். டீக்கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். என்ன பெரியவரே, என் டீயில என்ன குறை கண்டீங்க என்று அவர் முகம் வாடிவிட்டது. சமாதானப்படுத்த இரண்டு டீ குடிக்க வேண்டியதாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போகிற நேரம் பார்த்து மாப்பிள்ளையை நானே கூப்பிட்டேன். போனை அலமாரியில் டப்பாவில் சாய்த்து வைத்தேன். முகம் தெரிகிற போன். வணக்கம் மாமா என்று பளிச்சென்று சிரித்தார். எழுதி உருப்போட்டு வைத்திருந்ததெல்லாம் பறந்துபோயிற்று. யெஸ் சார் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இதற்குமேல் தாமதித்தால் இந்த வீடு போய்விடும் என்று தெரிந்தது. எழுந்தேன், நாற்காலியைத் திருப்பினேன், போனுக்கு முதுகைக் காட்டி, வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டேன். ஐ செட் யெஸ், பட் இட் வாஸ் லிஃப்ட் யெஸ் என்றேன். உங்கள்மேல் பிரியம் இருக்கிறது, என் மகள்மேல் உயிரே இருக்கிறது, வருவேன், ஆனால் தங்க மாட்டேன், நான் இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு வர முடியாது, நோ, ஐ ஆம் சாரி, நோ என்றேன். உன் அம்மாவின் மூலையைப் பற்றிக்கூடச் சொன்னேன், அதற்கு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பேசி முடித்தேன். பின்னால் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பாப்பா, உன் புருஷன் அங்கே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். நம் குடும்பத்தில் முக்கியமான விஷயத்தை இப்படித்தான் பேசுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டாராம். பின்மண்டையில் முடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, காலையில் சீவவில்லை. நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு அவரும் பேசினார். நீங்கள் சார் சார் என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும், நீங்கள் இங்கே வந்தும் அப்படியே இருந்துவிடுவீர்களோ, ஒரு வீட்டில் இருந்துகொண்டு எனக்கு உங்களை யாரென்றே தெரியாமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன் என்றார். உன்னைப் பற்றியும் சொன்னார். என் போன் ஒரு நாள் கிடைக்கவில்லை என்றால் நீ வேலை ஓடாமல் உட்கார்ந்திருக்கிறாயாம், அம்மா போன நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனது உனக்கு இன்னும் ஆறவில்லையாம். அதை நீ என்னிடம் சொன்னதே இல்லையே, கண்ணு.

கடைசியில் அவர் கேட்டார், அப்படியானால் உங்களுக்கு என்ன வேண்டும் மாமா என்று. அந்தப் பாஷையில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. கொஞ்ச நேரம் யோசித்துத்தான் சொன்னேன். உங்களுக்கு லீவு வரும்போது என் மகளைப் பார்க்க வருகிறேன், வந்தால் சில வாரம் இருக்கிறேன், திரும்பி வருவதற்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள் என்றேன். சரி, நானே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார். நோ என்றேன். அந்த நோ ஒத்திகை பார்க்காமலே வந்தது, அதுவும் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து. நான்தான் சொல்வேன், என் கையால் எழுதிச் சொல்வேன், கடிதம் வந்து சேருகிற வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றேன். அவர் பாவம், உன்னிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத மனுஷன், இந்நேரம் தவித்துக்கொண்டிருப்பார், இதைப் படித்ததும் அவரைக் கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், நம் பாஷையில், நேருக்கு நேர். அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு வீடு பார்த்துக்கொடுக்கிறேன் என்றார், சமையலறை இதைவிடப் பெரிதாம்.

மஞ்சள் அடித்த அறையைப் பூட்டி வைக்காதே. ஜன்னலைத் திறந்து வை, மாப்பிள்ளை உட்கார்ந்து படிக்கட்டும், நான் வந்தால் எழுந்து இடம் கொடுப்பார். நீ உன் வேலையைக் கவனி, வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு குளிரில் வெளியே போகிற பழக்கத்தை விடு. அம்மாவின் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன் பாப்பா, அவள் உன்னைத் தேடி வருத்தப்படவில்லை, பாப்பா பத்திரமா இருக்கா, அது போதும் என்றுதான் சொன்னாள். இதை நீ கேட்காமல் நானும் சொல்லாமல் இருந்துவிட்டோம், இரண்டு பேருக்கும் எத்தனை பாஷை தெரிந்து என்ன. நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், உங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையக் கூடாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் உனக்கு அழுகை வரும், கோபம் வரும், உடனே போனை எடுப்பாய். எடுக்காதே. நீ அழுதால் நான் மறுபடியும் சரி சரி என்று சொல்லிவிடுவேன், அது நிச்சயம். ஒரு தாளை எடுத்து, என்ன தோன்றுகிறதோ அதைப் பெரிய பெரிய எழுத்தாக எழுதி அனுப்பு. நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிய கடிதங்களையெல்லாம் அம்மாதான் படித்துச் சொன்னாள், அவள் எதை விட்டாளோ, எதைச் சேர்த்தாளோ, எனக்கு என்ன தெரியும். இந்த முறை நீ என்னைத் திட்டியே எழுதினாலும் சரி, அதை வேறு யாரும் படிப்பதற்கு முன்னால் நான் படிக்க வேண்டும். அடுத்த வாரமும் எழுதுவேன், உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்து எழுதுவேன்.

இப்படிக்கு,
உன்னிடம் முதல் தடவையாக முடியாது என்று சொன்ன
அப்பா